பூட்டு சாவியும் சீப்பும்

1996 அக்டோபரில், பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, பஞ்சாயத்துக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் எங்கள் ஊர்ச் சுவர்களில் பூட்டு சாவியும் சீப்பும் கட்டிலும் குடியேறின. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கொட்டாங்குச்சியில் நீலத்தைக் கரைத்து, நுனி நசுக்கிய பனைமட்டையால் சுண்ணாம்புச் சுவரில் விடிய விடியச் சின்னம் எழுதுவோம். டீக்கடை அண்ணன் கேட்காமலே டீ கொடுத்தனுப்புவார். அந்த ராத்திரிகளின் சந்தோஷம் இப்போது எந்தத் தேர்தலிலும் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் வார்டில் ஜெயித்தவர் பீடி சுற்றும் ஓர் அக்கா. மடியிலிருந்த பீடித்தட்டை இறக்கிவைத்துவிட்டுக் கிராம சபைக்கு வந்து, "மேலத்தெருவுக்கு மட்டும் தண்ணி வருதே, எங்க தெருவுக்கு எப்போ தொறப்பீங்க?" என்று அவர் கேட்டதும், பின்னால் நின்ற நாங்களும் குரல் கொடுத்ததும், வால்வு திறக்கும் நேரம் அங்கேயே மாறியதும் கண்ணுக்குள் நிற்கின்றன. அரசியல் என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

தண்டோரா போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. பெண்களுக்குப் பாதி இடம் என்றாகிவிட்டது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபை ஆறாகியிருக்கிறது. எல்லாம் நல்ல மாற்றம். எரியாத தெருவிளக்கின் படம் ஐந்து நிமிஷத்தில் ஊர் முழுக்கப் போய்விடுகிறது. ஆனால் அந்த விளக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய சபையில், நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிகள்தான் வெயிலில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள், பட்டம் வாங்கிய பேரன் கிரிக்கெட் ஆடப் போயிருக்கிறான்.

சோழர் காலத்து உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுதவே 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. இன்று 21 வயதில் மெம்பராகலாம், தலைவராகலாம். ஓட்டுரிமைக்கு 18 போதும். சபையில் எழுந்து பேசவும் அது போதும்.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து எங்கள் பஞ்சாயத்து தனி அலுவலர் கைக்குப் போன பிறகும் சபை கூடத்தான் செய்கிறது. தம்பி, தங்கைகளே, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது 'குழாய் பழுதுபார்த்தது' என்று ஒரு வரி வரும். எந்தத் தெருவில் என்று கேளுங்கள்.