டாலரில் கடவுள்

கேள்வி: அமெரிக்க டாலரிலேயே 'கடவுளை நம்புகிறோம்' என்று அச்சடித்திருக்கிறார்களே, அமெரிக்காவை எப்படி மதச்சார்பற்ற நாடு என்கிறீர்கள்?

பதில்: அந்த வாசகம் எப்போது ஏறியது என்று பாருங்கள். 1787-இல் எழுதிய அரசியலமைப்பில், கடைசியில் தேதி போடும் வழக்கமான 'ஆண்டவரின் ஆண்டு' என்ற சொல்லோடு சரி, கடவுள் வேறெங்கும் வரவில்லை. அரசுப் பதவிக்கு மதத் தகுதி கேட்கவே கூடாது என்று அதன் 6-ஆம் பிரிவு கறாராகச் சொல்கிறது. வாசகம் முதலில் வந்தது உள்நாட்டுப் போர் நடந்த 1864-இல், இரண்டு சென்ட் காசில். காகித நோட்டுக்கு வந்ததோ 1957-இல், சோவியத் யூனியனோடு பனிப்போர் நடந்த காலத்தில். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியை 1892-இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாதிரியார். அவரே அதில் கடவுளைச் சேர்க்கவில்லை. 1954-இல் அரசியல்வாதிகள்தான் சேர்த்தார்கள்.

1776 சுதந்திரப் பிரகடனத்தில் 'படைத்தவர்' இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். ஆனால் அது, மன்னரை விட்டு ஏன் பிரிகிறோம் என்று உலகுக்குச் சொன்ன அறிக்கை. ஆட்சி நடப்பது அரசியலமைப்பின்படி. உதாரணமாக, மேரிலாண்ட் மாநிலத்தில் ராய் டோர்காசோ என்பவர், கடவுளை நம்புவதாக உறுதி சொல்ல மறுத்ததால் நோட்டரி பதவியை இழந்தார். 1961-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை.