இரண்டு கிலோ கௌரவம்

வன்னியில் பொங்கல் முடிந்த கையோடு பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி தொடங்கிவிடும். இல்லம் சோடிக்க ஒரு கிழமை, அணிநடைக்கு இன்னொரு கிழமை, பிரதம விருந்தினருக்கு மாலை வாங்க ஒருவர், ஒலிபெருக்கிக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொல்ல வேறொருவர் என்று எல்லாவற்றுக்கும் ஆளும் யோசனையும் இருக்கும். தட்டெறிதலுக்கு மட்டும் யோசனை கிடையாது. சாமான் அறையில் கிடக்கிற தட்டை எடுத்து, வரிசையில் நிற்கிற பெடியனிடம் கொடுத்து, "எறி" என்று சொன்னால் காரியம் முடிந்தது. அந்தத் தட்டு யாருடைய கையை நினைத்துச் செய்யப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. அது இரண்டு கிலோத் தட்டாக இருந்துவிட்டால் மரியாதை இன்னும் கூட. பாரமான தட்டை எடுத்தவன் ஆம்பிளை, பாரம் குறைந்ததைக் கேட்டவன் நோஞ்சான் என்றொரு எழுதாத சட்டம் மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் எப்போதோ நிறைவேறியிருக்கிறது. என் கட்சி இதற்கு நேரெதிர். தட்டைப் பார்த்துக் கையைத் தேடக்கூடாது. கையைப் பார்த்துத்தான் தட்டை எடுக்க வேண்டும்.

முதலில் விதியைப் பார்ப்போம், ஏனென்றால் விதி என் பக்கம். சர்வதேசக் கணக்கில் வளர்ந்த ஆணுக்கு 2 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டவருக்கு 1.75, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 1.5, பெண்களுக்கு 1 கிலோ. பாரம் குறையக் குறைய வட்டமும் சிறுக்கும். ஆண்களின் தட்டு 22 சென்ரிமீற்றர் அகலம், பெண்களுடையது 18. இந்த நாலு சென்ரிமீற்றருக்குள்தான் விசயமே இருக்கிறது. தட்டை யாரும் பொத்திப் பிடிப்பதில்லை. விரல்களின் கடைசிக் கணு மட்டும் விளிம்பில் கொளுவி நிற்கும். பெருவிரல் ஒரு வேலையும் செய்யாமல் மேலே படுத்திருக்கும். சின்னக் கைக்காரன் அகலத் தட்டை எடுத்தால் விரல் விளிம்புக்கு எட்டாது. எட்டாதவன் பயத்தில் தட்டை முன்னங்கையோடு சேர்த்து நசித்துக்கொள்வான். நசிபட்ட தட்டு சுட்டுவிரலால் உருண்டு வெளியேறாது. உருண்டு போகாவிட்டால் சுழலாது, சுழலாவிட்டால் காற்றில் நிமிர்ந்து நிற்காது. நடுவழியில் கவிழ்ந்து, விளிம்பு குத்தக் கிறவலில் விழும். அளவு நாடாவோடு நிற்கிற ஆசிரியர் "பெடியனுக்குப் பலம் காணாது" என்று தீர்ப்பெழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். பலம் காணாமல் போகவில்லை ஐயா, விரல்தான் எட்டவில்லை.

பாரம் கூடினால் பெருமை கூடும் என்பவர்களுக்கு உலக சாதனைப் பட்டியலைக் காட்டலாம். ஆண்களின் சாதனை 75.56 மீற்றர், 2025 இல் லித்துவேனியாவின் மிகோலஸ் அலெக்னா எறிந்தது. பெண்களின் சாதனை 76.80 மீற்றர், 1988 இல் கிழக்கு யேர்மனியின் கபிரியேல றைன்ஷ் எறிந்தது. ஒரு மீற்றருக்கு மேல் பெண்கள்தான் முன்னுக்கு. தங்கள் கைக்கென்று செய்த தட்டை எறிந்தார்கள், அது போக வேண்டிய தூரம் போனது. இந்தக் கணக்கை மைதானத்து ஆம்பிளைகளிடம் சொன்னால் பேச்சைக் கிறிக்கெற்றுக்கு மாற்றிவிடுவார்கள்.

பிழையான தட்டு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே நல்ல சாட்சி உண்டு. 1896 இல் அதென்ஸில் முதலாவது நவீன ஒலிம்பிக் நடந்தபோது, அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக மாணவர் றொபேட் கறெற்றுக்குத் தட்டெறியும் ஆசை வந்தது. தட்டு எப்படியிருக்கும் என்று சொல்ல அருகில் ஆளில்லை. பழைய கிரேக்கக் குறிப்புகளை வைத்து ஒரு கொல்லரிடம் செய்வித்தார். வந்து சேர்ந்த சாமான் முப்பது இறாத்தலுக்குக் கிட்ட இருந்தது என்று சொல்வார்கள். கொல்லரைக் குறை சொல்ல முடியாது, இரும்பைக் கேட்டார்கள், இரும்பைக் கொடுத்தார். கறெற் அதைத் தூக்கிப் பார்த்து, எறிந்து பார்த்து, இது மனிதர் செய்கிற வேலையில்லை என்று கைவிட்டார். வேறு போட்டிகளுக்காக அதென்ஸ் போன இடத்தில் உண்மையான தட்டைக் கண்டார். இரண்டு கிலோ அளவுதான். அட, இவ்வளவுதானா என்று பெயரைக் கொடுத்தார், 29.15 மீற்றர் எறிந்து, கிரேக்க வீரரை 20 சென்ரிமீற்றருக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்று முதலிடம் பெற்றார். ஆள் அதே ஆள், கையும் அதே கை. கொல்லர் தட்டையே நம்பியிருந்தால் அவர் பெயரும் "பலம் காணாது" பட்டியலில் முடிந்திருக்கும்.

பாரம் மட்டுமே கணக்கென்று நினைக்க வேண்டாம். ஒரே பாரமுள்ள இரண்டு தட்டுகள் கூட ஒன்றுபோல் பறப்பதில்லை. தட்டின் வெளி வளையம் உலோகம், நடுவிலே பலகை அல்லது பிளாஸ்ரிக். மொத்தப் பாரத்தில் எவ்வளவு வளையத்தில் இருக்கிறது என்பதில் தட்டுக்குத் தட்டு வித்தியாசம் உண்டு. சிலதில் முக்கால் பங்கு அளவில் நிற்கும், சிலதில் நூற்றுக்கு 90 வரை போகும். விளிம்பில் பாரம் கூடிய தட்டைச் சுழலவைப்பது கடினம். சுழன்றுவிட்டாலோ இலகுவில் ஓயாது, தூரம் போகும். ஆகவே கைவந்தவனுக்கு அது வரம். சுழற்றத் தெரியாத புதியவன் அதை எடுத்தால் தட்டு தள்ளாடித் தள்ளாடி, கள்ளுக்கொட்டிலில் இருந்து வீடு திரும்புகிறவரின் நடையில் போய் விழும். கடையில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதனால் அன்பளிப்பாக வருவதும் அதுதான்.

கைக்கேற்ற தட்டைத் தெரிந்தெடுப்பது என்ற ஒரு விசயத்தை மட்டும் வைத்து முழு ஆட்டத்தையே நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பிளாஸ்ரிக் தட்டை எறிந்து எறிந்து போய், கடைசியில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழுத்த வேண்டும். 1975 இல் கலிபோர்னியாவில் எட் ஹெட்றிக் அதற்கு முதலாவது நிரந்தரத் திடலை அமைத்தார். 2002 இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படி, சாம்பலைப் பிளாஸ்ரிக்கில் கலந்து தட்டுகளே வார்த்தார்கள். அந்த ஆட்டக்காரர்களின் தட்டில் நாலு எண்கள் இருக்கும். எவ்வளவு வேகம் வேண்டும், எவ்வளவு மிதக்கும், தொடக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பும், ஓயும்போது எவ்வளவு சாயும் என்பவை அவை. வலக்கைக்காரர் புறங்கையால் வீசினால் கடைசியில் இடப்பக்கம் சாய்கிற தட்டு, அவரே முன்கையால் சுண்டிவிட்டால் வலப்பக்கம் சாயும். தட்டு ஒன்றே, எறிகிற விதம்தான் வேறு. வேக எண் 13 என்று போட்ட தட்டு வேகமான கைக்கு மட்டும் பணியும். மெதுவான கைக்காரர் அதை எறிந்தால் பறக்கத் தொடங்குமுன்னே சாய்ந்து விழும். 7 ஆம் எண் தட்டு அவருக்கு அதைவிடத் தூரம் போகும். இவ்வளவு எழுதியிருந்தும் புதியவர் கடைக்குப் போய் முதலில் தூக்குவது 13 ஐத்தான். கலிபோர்னியாவிலும் ஒரு வேப்பமரத்தடி இருக்கிறது போலும்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், ஆட மாட்டாதவள்தான் கூடம் கோணல் என்பாள்" என்று இந்த இடத்தில் யாராவது எழும்புவார்கள். எழும்பட்டும். முதலாவது பழமொழி வல்லவனைப் பற்றியது, நாங்கள் பேசுவது தரம் பத்துப் பெடியனைப் பற்றி. அதைவிட, வல்லவர்கள் கிடைத்த புல்லை எடுப்பதுமில்லை. அலெக்னாவின் சாதனையையே எடுங்கள். 1986 இல் யூர்கன் ஷுல்ற் எறிந்த 74.08 மீற்றர் கிட்டத்தட்ட 38 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2024 இல் அதைத் தாண்டியதும் 2025 இல் தன்னையே தாண்டியதும் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் றமோனா என்ற சிற்றூரில். பெரிய அரங்கம் கிடையாது, நல்ல காற்று உண்டு. குறுந்தூர ஓட்டத்துக்கும் நீளம் பாய்தலுக்கும் பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் சாதனை செல்லாது. தட்டுக்கு அந்தச் சட்டமில்லை. எதிர்காற்று அதன் அடியில் புகுந்து தாங்கிக்கொள்ளும் என்பதால், அதைத் தேடிப் போகிறார்கள். உலகில் முதலாவதாக இருக்கிற கை காற்றைக்கூடத் தெரிந்தெடுக்கிறது, எங்கள் பெடியன் தட்டைக்கூடத் தெரிந்தெடுக்கக்கூடாதாம். காற்று எங்களிடமும் இல்லாமலில்லை. தை மாசியில் வாடை, வைகாசிக்குப் பிறகு சோளகம். எறிவட்டம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் பிரதம விருந்தினரின் பந்தல் தீர்மானித்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. தெரிந்தெடுப்பதெல்லாம் வசதியுள்ளவர் பேச்சு. போருக்குப் பிறகு கதிரை மேசையையே எண்ணி எண்ணிப் பெற்ற பாடசாலைகளிடம் தட்டு வகை பேசலாமா என்று கேட்டால் உடனே சிரிக்க முடியாது. ஆனால் காசு குறைந்தவர்தான் கூடக் கவனமாகத் தெரிந்தெடுக்கிறார். இரணைமடுக் குளத்தை நம்பி வயல் செய்கிறவர் மண்வெட்டி வாங்கினால் பிடியைத் தன் உயரத்துக்குப் பார்த்துத்தான் போடுவார். கிராமத்தில் பெரிய ஆளின் பிடி என்று நீளமாகப் போட்டுக்கொண்டு முதுகை முறிக்க மாட்டார். அதே மனிதர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்ததும், "வாங்கிறதெண்டா பெரிசா வாங்குங்கோ சேர்" என்கிறார். விளிம்புப் பாரம் கூடிய ஒரு போட்டித் தட்டின் விலைக்கு, பழகுகிற றப்பர்த் தட்டு ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம். றப்பர்த் தட்டு கிறவலில் விழுந்தாலும் விளிம்பு நெளியாது. அருகருகே இருக்கிற இரண்டு பாடசாலைகள் ஆளுக்கொரு அளவை வாங்கி மாறி மாறிக் கொடுத்தால் செலவு பாதி. போட்டியில் விதிப்படியான பாரத்தைத்தானே எறிய வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் சுழற்சியைப் பழகும் மாதங்களுக்கு அந்த விதி இல்லை.

ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்தமுறை விளையாட்டுச் சாமான் அனுப்பும்போது அந்த மினுங்குகிற இரண்டு கிலோத் தட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஒரு கிலோ றப்பர்த் தட்டு இரண்டும், ஒன்றரைக் கிலோத் தட்டு ஒன்றும் அனுப்புங்கள். அன்பளிப்புச் செய்தவர் பெயரைத் தட்டில் எழுதுவதில் ஆட்சேபனை இல்லை. விரல் வழுக்காத இடமாகப் பார்த்து எழுதினால் போதும்.