பிரிக்கிறதுன்னா பீலியையும் பிரிடா பேராண்டி

வாடா பேராண்டி, இப்படிக் குந்து. கையில என்ன, மனுவா? நம்ம பிரதேச சபையை ரெண்டாப் பிரிக்கணும்னு எழுதியிருக்கியா? கையெழுத்துப் போடத்தான் போறேன். ஆனா தாத்தாக்கிட்ட பேனாவை நீட்டினா பேச்சையும் கேட்டுத்தான் ஆகணும்.

நுவரெலியாப் பக்கம் பாத்து ஆசை வந்திருச்சு உனக்கு. தப்பில்ல. அங்க நுவரெலியா, அம்பகமுவைன்னு ரெண்டு பெரிய சபை இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட சனம். இருபது புள்ள பெத்தவ எந்தப் புள்ளைக்குன்னு மூக்குச் சிந்தி விடுவா? கேட்டாங்க, கிடைச்சுது. ஒண்ணு நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைன்னு மூணாச்சு. மத்தது அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியான்னு மூணாச்சு. 2018 பெப்ரவரியில ஆறுக்கும் ஓட்டுப் போட்டாங்க.

பிரிக்கிறது ஒண்ணும் மலையைப் பொரட்டுற வேலையில்லடா. அமைச்சர் வர்த்தமானியில எல்லையைப் போட்டாப் போதும். 1987ஆம் வருஷத்து 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் அதுக்கு வழி வச்சிருக்கு. அதே சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதைப் படிச்சியா? அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள்ள சபைக் காசு வராதுன்னாங்க. ஓட்டு மட்டும் லயத்துக்குள்ள வந்து கும்பிட்டு வாங்கிட்டுப் போவும். ரோட்டுக்கு ஒரு வண்டிக் கல்லு கேட்டா தோட்டத்து கேட்டோட திரும்பிரும். 31 வருஷம் கழிச்சு 2018லதான் திருத்தினாங்க. இப்பவும் தோட்ட நிர்வாகத்தோட கலந்து பேசித்தான் செய்யணும். கலந்து பேசுறதுன்னா என்னன்னு பெரட்டுக்களத்துல நின்ன எனக்குத் தெரியும். தொர பேசுவாரு, நாம கலந்துக்குவோம்.

இதுல இன்னொரு கூத்து. 2018ல வந்த மெம்பருங்களோட காலம் 2023 மார்ச்சுல முடிஞ்சுது. அடுத்த தேர்தல் வந்தது 2025 மே 6ஆந் தேதி. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல மெம்பரே இல்ல. நம்ம லயத்துல எத்தன பேருக்கு அது தெரிஞ்சுது, சொல்லு பாப்போம்?

சபை ரெண்டானா தவிசாளர் நாக்காலி ரெண்டாகும், போர்டு ரெண்டாகும், திறப்பு விழா மாலையும் ரெண்டாகும். மலையில ஊத்து ஒண்ணுதாண்டா. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டினப்ப பண்டாரவளைப் பக்கம் கிணறெல்லாம் வத்திப் போச்சே, மறந்துட்டியா? தண்ணி எந்த சபை எல்லைக் கல்லப் பாத்துக்கிட்டு ஓடுச்சு? ஊத்து அந்தப் பக்கம், தண்ணி பிடிக்கிற பீலி இந்தப் பக்கம்னு கோடு விழுந்துச்சுன்னா, குழாய் வெடிச்ச அன்னைக்கு அவன் இவனைக் காட்டுவான், இவன் அவனைக் காட்டுவான். நீ குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு நிப்ப.

நம்ம ஸ்டேசனையே பாரேன். பதுளைக்குப் போற ரயிலு தெமோதரையில நின்னுட்டு, மலையைச் சுத்திக்கிட்டுப் போயி, அதே ஸ்டேசனுக்கு அடியில சுரங்கத்துக்குள்ள நுழையுது. ஒரு கங்காணி தலப்பாவக் கழட்டி வச்ச விதத்தைப் பாத்துத்தான் எஞ்சினியருக்கு அந்த யோசனையே வந்துச்சுன்னு ஊருல ஒரு கதை உண்டு. கதையோ நிசமோ, தலப்பாவச் சுத்தினவன் பேரு எங்கயும் இல்ல. அந்த ரயிலாவது இத்தனை சுத்துச் சுத்திக் கீழ எறங்கிப் பதுளைக்குப் போய்ச் சேருது. உன் மனு சுத்துற சுத்துக்கு எறங்குற எடம் எதுன்னு எழுதியிருக்கியா?

எழுதலைல்ல? அப்ப எழுது. ஊத்து எந்த சபைக்கு, தொட்டி எந்த சபைக்கு, குழாய் வெடிச்சா எவன் வரணும். தண்ணி பவுசர் ஒண்ணுதான் இருக்குன்னா யாருக்கு எந்தக் கிழமை. பழைய சபை வாங்கின கடனை யாரு கட்டுறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஆட்டுக்கல்லு வரைக்கும் எழுதிக்கிறோமே, சபை பிரிக்கும்போது மட்டும் ஏன் வாயப் பொத்திக்கிறீங்க?

என்னடா சிரிக்கிற? ஓ, புது சபை வந்தா மெம்பருக்கு நிக்கலாம்னு பாக்கிறியா! அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. சரி, பேனாவைக் குடு. மெம்பராகப் போறவரே, அதுக்குள்ள ஓடிப் போயி பீலியில வச்ச வாளி நெறைஞ்சுதான்னு பாத்துட்டு வாங்க. காலையில வச்சது.