மீடியம் சைஸ் வீரன்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆளை கேட்டிலேயே திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். மேனேஜரையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் வரப்போகும் மானக்கேட்டுக்கு இது தேவைப்படும்.

சித்திரை மாதம் இங்கிலாந்திலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். "மாமா, ஜூலையில இங்க வர்றீங்கல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை ஏர்சாஃப்ட் ஆடப் போலாம். துப்பாக்கி, கண்ணாடி எல்லாம் அங்கயே வாடகைக்குக் கிடைக்கும். வெஸ்ட் மட்டும் ஒரே அளவுதான் வச்சிருப்பாங்க. உங்களுக்கு..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். மரியாதை தெரிந்த பிள்ளை.

பக்கத்திலிருந்த என் மனைவி, "வெஸ்ட்டுன்னா பனியன்தானே? பீரோவுல ஆறு கிடக்கு, ஒண்ண எடுத்துட்டுப் போங்க" என்றாள். பனியன் பெட்டியில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், அவள்மேல் தப்பில்லை.

ஏர்சாஃப்ட் என்பது ஜப்பானில் 1970-களில் பிறந்த விளையாட்டு. பார்க்க அசல் மாதிரியே இருக்கும் துப்பாக்கி. உள்ளே 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, எடை சாதாரணமாக 0.20 கிராம். இரண்டு கட்சியாகப் பிரிந்து காட்டிலோ பாழடைந்த கட்டடத்திலோ ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். பெயின்ட்பால் மாதிரி இதில் சாயம் ஒட்டாது. குண்டு பட்டவனே "பட்டுச்சு" என்று குரல் கொடுத்து, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். நான் பார்த்த தெரு கிரிக்கெட்டில் ஸ்டம்பு மூன்றும் பறந்த பிறகும் அவுட்டை ஒப்புக்கொண்டவன் கிடையாது. வெள்ளைக்காரன் எப்படிச் சமாளிக்கிறான் என்று பார்ப்பதற்காகவே போக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வெஸ்ட் தேட உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஓடியது. என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு தீவிரமாகத் தேடவில்லை.

மூன்று ரகம் தென்பட்டது. செஸ்ட் ரிக் என்பது நெஞ்சில் மட்டும் பைகளை வரிசையாகக் கட்டிக்கொள்வது. பஸ் கண்டக்டர் நான்கு தோல்பைகளை மார்பில் மாட்டிக்கொண்ட தோற்றம் வரும். ஜிப் வைத்து உடம்பைச் சுற்றி மூடுகிற முழு வெஸ்ட் ஒன்று. மூன்றாவது பிளேட் கேரியர். பேரைக் கேட்டதுமே நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. முன்னும் பின்னும் தகடு சொருகும் உறை அது. அசலில் அந்தத் தகடு பீங்கான். அமெரிக்க ராணுவத்தின் மீடியம் தகடு 9.5 அங்குல அகலம், 12.5 அங்குல உயரம், முதலில் வந்த ரகத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.8 கிலோ. விளையாட்டுக்கு வரும் நகலில் அதே அளவில் செருப்புக்குப் போடும் ஃபோம்.

அந்தத் தகடு இதயத்தையும் நுரையீரலையும் காப்பதற்காக அளவெடுத்தது. தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கித் தொப்புளுக்கு மேலேயே முடிந்துவிடும். என்னில் பெரும்பகுதி குடியிருப்பதோ அதற்குக் கீழே. எதிரி என்னைச் சுட்டால் எங்கே சுடுவான் என்று யோசித்திருந்தாலே அந்த ரகத்தைத் தள்ளியிருப்பேன். யோசிக்கவில்லை. நிலைக்கண்ணாடி முன் நிற்பதாகத்தான் கற்பனை ஓடிக்கொண்டிருந்தது.

துணியில் 600 டெனியர், 1000 டெனியர் என்று போட்டிருந்தார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். எண் ஏற ஏற நூல் தடிமன். உறையின்மேல் ஓர் அங்குல நாடாக்களை ஓர் அங்குல இடைவெளியில் படுக்கைவாட்டில் வைத்து, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டிருப்பார்கள். மோலி என்று பெயர். அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. வேண்டிய பையை வேண்டிய இடத்தில் கோத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்த மனைவி, "இது நம்ம மாடியில கிடக்கிற நாடாக் கட்டிலு. அதுல பாதிய வெட்டி மாட்டிக்குங்களேன்" என்றாள்.

நிறத்தில் சிக்கல் வந்தது. எனக்கு இலையும் கிளையும் போட்ட ராணுவ டிசைன்மேல்தான் ஆசை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நண்பரிடம் டீக்கடையில் சொன்னேன். "யோவ், உள்ள போயிடுவ" என்றார். பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-ஆம் பிரிவு. ராணுவத்தில் இல்லாத ஒருவர், தம்மை வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்கள் உடையை ஒத்ததைப் போட்டுக்கொண்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 140-ஆம் பிரிவாக இருந்தபோது அபராதம் 500 ரூபாய்தான். 2016 ஜனவரியில் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, படைச் சீருடை மாதிரித் துணி போடாதீர்கள் என்று ராணுவமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. இத்தனையும் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்பணும்கிற எண்ணம் இருந்தாத்தான் குத்தம். உன்னப் பாத்து எவன்யா நம்புவான்? நீ தைரியமாப் போடு."

அந்தத் தைரியம் எனக்கு வேண்டாம் என்று ஒற்றை நிறத்துக்குப் போனேன். கறுப்பு போட்டால் கமாண்டோ, காக்கி போட்டால் ஆட்டோ. மிஞ்சியது கயோட்டி பிரௌன். வட அமெரிக்காவில் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவே ஒரு பிராணி, அதன் பேர். எங்கள் வீட்டில் அதற்கு வரக்காப்பி கலர் என்று பேர்.

பார்சல் வந்தது. "மீடியம், எல்லோருக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த அந்த எல்லோரில் நான் இல்லை. மார்பில் உட்கார்ந்தது, இடுப்புப் பட்டைகள் இரண்டும் வயிற்றின் இரு கரைகளிலும் நின்று ஒன்றையொன்று ஏக்கத்தோடு பார்த்தன. இடையே ஒரு சாண். கடலூர் முதுநகரில் வண்டி சீட் கவர் தைக்கிறவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரப் புள்ளைய முன்னாடி வச்சுக் கட்டுவீங்களா, முதுகுல கட்டுவீங்களாண்ணே?" என்று கேட்டார். புள்ளையைக் கட்டுவதற்கில்லை, சண்டைக்கு என்றேன். கடைப் பையன் தையலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் கறுப்பு ரெக்சின் வைத்து நீட்டிக் கொடுத்தார். காசு வாங்கும்போது, "யார்கூடண்ணே சண்டை?" என்று மெதுவாகக் கேட்டார்.

சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாதுகாப்புச் சாதனத்தையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. எதிர்வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியோடு திரிந்துகொண்டிருந்தான். உள்ளே மஞ்சள் குண்டுகள். ஒன்றை வாங்கிப் பழைய வெர்னியரில் அளந்தேன்: 6 மில்லிமீட்டர். மாப்பிள்ளை இங்கிலாந்தில் காசு கொடுத்து ஆடுவது நம் திருவிழாக் கடையில் பீப்பிக்குப் பக்கத்தில் தொங்குகிறது!

குண்டை விட்டு அளப்பது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை தனக்கு என்று பேசி வாங்கியது. குண்டுக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பேரைச் சுமந்துகொண்டிருக்கிறது. நான் அவ்வளவு பேராசைப்படவில்லை. கொல்லையில் இரண்டு தென்னைக்கு அப்பால் பையனை நிறுத்தினேன்.

முதல் குண்டு தண்ணீர்த் தொட்டியில் பட்டது. இரண்டாவதுக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பட்டுச்சு தாத்தா" என்றான்.

"படலடா."

"நெஞ்சுலதான் பட்டுச்சு. கீழ கிடக்கு பாருங்க குண்டு."

"எனக்குத் தெரியல. தெரியாட்டி அவுட் இல்ல."

வெள்ளைக்காரன் நேர்மையைப் பார்க்கப் போகிறவன் பேசிய பேச்சு இது. பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இது?" என்று மூன்றாவதை விட்டான். வலது புருவத்தின் நுனியில் விழுந்தது. அரை விரல் கீழே இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை ஒற்றைக் கண்ணால் எழுதிக்கொண்டிருப்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இந்த மஞ்சள் குண்டு கண்ணில் பட்டால் உள்ளே ரத்தம் கட்டிப் பார்வையே போகலாம்.

ஐஸ் கட்டியை முந்தானையில் சுற்றிப் புருவத்தில் வைத்தபடி மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "கண்ணாடி போட்டீங்களா?"

போடவில்லை. அதே பீரோவில், நான் ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. அதில் இ.என். 166 என்று ஐரோப்பியத் தர முத்திரை. அந்தச் சோதனையில் கண்ணாடிமேல் விடுவதும் 6 மில்லிமீட்டர் குண்டுதான், எஃகு. எஃப் என்ற எழுத்திருந்தால் நொடிக்கு 45 மீட்டர் வேகம் தாங்கியது, பி இருந்தால் 120 மீட்டர். இங்கிலாந்தில் பல மைதானங்களில் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு வரம்பு நொடிக்கு 350 அடி, 0.20 கிராம் குண்டுக்கு அது 1.1 ஜூலுக்குக் கொஞ்சம் கூட. எஃப் கண்ணாடி சோதனையில் வாங்கும் அடி 0.9 ஜூல்கூட இல்லை. ஆகவே பி வேண்டும். இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன், மூன்று வாரம் நாடாவுக்குத் தையல் எண்ணிக்கொண்டிருந்தேன். சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டுக்காரன் வேறு. சிப்காட் காற்றை 2004-ல் வாளியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பிய சனங்களோடு வாழ்ந்தவனுக்கு, உடம்பில் எந்த இடத்துக்குக் கவசம் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அன்றிரவு மாப்பிள்ளையிடம், வெஸ்ட் நன்றாக அடி தாங்குகிறது, புருவம்தான் தாங்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாமா, வெஸ்ட் அடி தாங்கறதுக்கு இல்ல. மேகசின், தண்ணி பாட்டில் வச்சுக்கத்தான். நீங்க ஒரு ஆட்டம் ஆட பேன்ட் பாக்கெட்டே போதும்." இதைச் சித்திரையிலேயே சொல்லியிருக்கலாம். மரியாதை தெரிந்த பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை.

விற்பனைக்கு இருக்கிறது: பிளேட் கேரியர், நகல், வரக்காப்பி நிறம், 600 டெனியர், ஃபோம் தகடு இரண்டு. ஒருமுறை போட்டது, முன்பக்கம் ஒரே ஒரு குண்டு பட்டது, அதுவும் பையன் சொல்கிற கணக்கில். மீடியம் என்று எழுதியிருக்கும், ரெக்சினோடு சேர்த்தால் 44 அங்குல வயிறு வரை கொள்ளும். வேண்டியவர்கள் மாலையில் குடிகாட்டுக்கு வந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு வரவும். எதிர்வீட்டுப் பையனுக்கு இன்னும் பள்ளி திறக்கவில்லை.