சுவர் பார்ப்பவர்

தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி அதன் முகத்தைப் பார்த்து மகிழ்கிறவர்கள் சாமானியர்கள். அதன் முதுகுக்குப் பின்னே உள்ள சுவரைப் பார்த்து ஆனந்திப்பதற்கென்றே பிறவி எடுத்த ஒரு வர்க்கத்தார், காற்றாலைகள் நாற்றிசையும் சுழலும் எங்கள் ராதாபுரத்திலும் இப்போது தோன்றியிருக்கிறார்கள்.

அவர்களுடைய பூர்வோத்தரம் பழையது. இலங்கையில் 1982-ஆம் ஆண்டு ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய பின், இந்தத் தென்கரையில், மொட்டை மாடிகளில் நெடுங்குழாய்களை நட்டு, உச்சியில் ஆன்டெனாவையும் பூஸ்டரையும் கட்டி, "தெரியுதாலே? இன்னும் கொஞ்சம் திருப்பட்டா?" என்று மேலிருந்து கூவியே நிகழ்ச்சி நேரம் முழுவதையும் கழித்து, ஒரு பாட்டைக்கூட உட்கார்ந்து பார்த்தறியாத மகானுபாவர்கள் இருந்தார்களே, அவர்களுடைய புத்திரர்களே இவர்கள். தந்தை கடல் கடந்து வந்த படத்தைப் பெட்டிக்குள் இழுத்தார். மைந்தர் பெட்டிக்குள் இருக்கும் படத்தை வெளியே இழுத்துச் சுவரில் பூசுகிறார்.

பிலிப்ஸ் கம்பெனியார் 2004-ஆம் ஆண்டில், திரையின் ஓரத்தில் எந்த வர்ணம் ஓடுகிறதோ அதுவே பின்சுவரிலும் படரும்படி, ஆம்பிலைட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தனர். அத்தகைய பெட்டியை வாங்கப் பணம் இல்லாமை நம்மவருக்கு ஒரு குறையே அன்று. வாங்கிவிட்டால் அப்புறம் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஆகவே, சென்னை ரிச்சி தெருவிலிருந்து டபிள்யூ.எஸ். 2812பி என்ற நாமதேயம் பூண்ட எல்.இ.டி. பட்டையையும், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியையும், எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டரையும், கேப்சர் கார்டையும் தருவித்து, 43 அங்குலப் பெட்டியைக் கழற்றிக் கட்டில் மெத்தையின் மேல் குப்புறக் கிடத்தி, அழுகைத் தொடரின் முக்கியமான கட்டத்தைப் பறிகொடுத்த வீட்டார் தாமே அழுதுகொண்டிருக்க, ஒரு சுபமுகூர்த்தத்தில் கைங்கரியத்தைத் தொடங்குகிறார்.

பெட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 3 மீட்டர். மீட்டருக்கு 60 வீதம் 180 விளக்குகள். முழு வெண்மையில் ஒவ்வொன்றும் 60 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சுமாதலால், 5 வோல்ட்டில் 10.8 ஆம்பியர் வேண்டும். இந்தக் கணக்கை அவர் முன்னதாகப் போடுவதில்லை. கைக்குக் கிடைத்த செல்போன் சார்ஜரில் மாட்டி, பட்டையின் தலை வெண்மையாகவும் வால் மஞ்சளித்தும் சோர்வதைப் பிரத்தியட்சமாகக் கண்ட பிறகே போடுகிறார். ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுடைய இரண்டு அணு உலைகள் இதே தாலுகாவின் கூடங்குளத்தில் நின்றுகொண்டிருக்க, 5 வோல்ட்டுக்காக ஒரு மனிதர் வள்ளியூர்க் கடைகளில் ஏறி இறங்குவது மின்வாரியத்தாரும் கண்டு இரங்கத்தக்க காட்சி.

மின்சாரம் போதுமானதாகி, பட்டையில் உள்ள அம்புக்குறிக்கு எதிர்ப்புறமாக இணைத்த கம்பியையும் பிரித்துச் சரியாக இணைத்தான பிறகு, வர்ணங்கள் வம்பு செய்கின்றன. சிவப்புக்கு முன்னே பச்சையைக் கேட்டு வாங்குவது அந்த விளக்குகளின் சுபாவம். அந்த வரிசையைக் கணினிக்கு எடுத்துச் சொல்லாதவரை, நாயகி சிவப்புப் புடைவையில் வரும்போதெல்லாம் சுவர் பசேலென்று நிற்கும். இவ்வளவும் தீர்ந்து முதன்முதலாகப் பிரகாசம் சரிவரப் படர்ந்தபோது, தாழ்வாரத்தில் இருந்த ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏலே, உற்சவருக்குப் பின்னால திருவாசி வச்ச மாதிரில்லா இருக்கு! சூடம் காட்டட்டுமா?" என்றாள். அவர் அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார்.

உள்ளதைச் சொன்னால், இருட்டறையில் திரை மட்டும் பளிச்சென்று எரிவதைவிடச் சுவரிலும் மெல்லொளி பரவியிருப்பது கண்ணுக்கு இதமே. ஆனால் அந்தச் சுவர் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் விதி. அவர் வீட்டுச் சுவரோ கிளிப்பச்சை. வெள்ளையடிப்பதைப் பற்றி அவர் பிரஸ்தாபித்த மாத்திரத்தில், "ஏங்க, பொங்கலுக்கு நான் சொன்னப்ப காசில்லன்னீங்களே?" என்று அடுக்களையிலிருந்து ஓர் ஆட்சேபம் எழுந்தது. இருந்தும் ஒரு சுவர் மட்டும் வெள்ளையாயிற்று. அதில் மாட்டியிருந்த தகப்பனார் படம், சண்டைக் காட்சிகளில் கோபித்துச் சிவந்தும், கிரிக்கெட் நடக்கையில் பசுமை படர்ந்தும், ஆன்டெனா காலத்தில் தமக்கு வாய்க்காத வர்ணங்களையெல்லாம் இப்போது அனுபவித்து வருகிறது.

பந்தயம் பார்க்க வந்த அடுத்த வீட்டு அண்ணாச்சி, "அவுட்டா, இல்லையாவே?" என்று பதறியபோது, நம்மவர், "அது கெடக்கட்டும் அண்ணாச்சி! படத்தைப் பாக்காதீய, சுவரைப் பாருங்க; புல்லோட பச்சை அப்படியே வந்துட்டு" என்றார். பெட்டிக்குள்ளேயே இருக்கும் யூடியூபைப் போட்டால் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே கணினிக்கு எதுவும் வராது, விளக்குகளும் எரியாது என்பதால், அந்தக் கூடத்தில் யூடியூப் அடியோடு நிஷேதம்.

வீட்டார் விவேகிகள், கலகம் செய்யவில்லை. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்து, பரணில் தூசி படிந்து கிடந்த 14 அங்குல வர்ணப் பெட்டியை இறக்கி அடுக்களையில் வைத்து, விளக்கும் வியாக்கியானமும் இன்றித் தொடரைப் பார்த்து நிம்மதியாக அழுது வந்தார்கள். சென்ற வாரம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் நுழைந்தவர் நெடுநேரமாகியும் திரும்பாததைக் கண்டு மனைவி போய்ப் பார்த்தபோது, அவர் அந்தப் பெட்டியின் புடைத்த முதுகைச் சுற்றி இஞ்சு டேப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு ஒரு மீட்டர் தாராளமா போதும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.