காலை வாக்குத்தத்தத்துக்கு ஒரு புகழுரை

தினமும் கைப்பேசிக்கு வந்துசேர்கிற வேதவசன அட்டையே, காலை வாக்குத்தத்தமே, உன்னைப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இந்தப் புகழில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற ஒரு விசுவாசியின் வாயிலிருந்து வருவதாகவே இதை ஏற்றுக்கொள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் உன்னைப்போல் நேரம் தவறாத ஊழியர் வேறு யாரும் இல்லை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி எந்த மாநிலத்துப் பொட்டல் காட்டில் நின்றாலும், அதில் போனவரின் கைப்பேசிக்கு விடியுமுன் வந்துவிடுகிறாய். நாமக்கல் லாரி எந்தச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டாலும் உனக்குத் தடை இல்லை. பள்ளிப்பாளையத்தில் இரவு ஷிப்ட் முடித்துத் தறியை நிறுத்துகிறவர், கோழிப்பண்ணையில் முட்டை அட்டை அடுக்குகிறவர், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கிற பெண், சேலத்தில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர் என ஒருவரையும் நீ விட்டுவிடுவதில்லை. உன் தோற்றமோ உதிக்கிற சூரியன், பின்னால் ஒரு மலை, நடுவே தங்க நிற எழுத்து. முட்டை விலை ஏறினாலும் சரிந்தாலும் உன் வரத்து ஒருநாளும் குறைந்ததில்லை.

உன் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். வேதாகமத்தில் மற்ற எல்லாரும் எங்களிடம் ஏதாவது கேட்டவர்கள். தீர்க்கதரிசிகள் நியாயம் கேட்டார்கள். யோவான் ஸ்நானகன் இரண்டு அங்கி வைத்திருந்தவனிடம் ஒன்றைக் கேட்டான். ஆண்டவரோ பகைவனையும் மன்னிக்கச் சொன்னார், சிறையில் கிடப்பவனையும் போய்ப் பார்க்கச் சொன்னார். நீ ஒன்றும் கேட்பதில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றாக எங்கள் கைக்கு வருகிறாய். அந்தத் தட்டில் கைவைத்த எவருக்கும் நீ கடிந்துகொள்ளுதலாக வாய்த்ததில்லை. வருகிற ஆண்டு முழுவதும் உயர்வு, பெருக்கம், வெற்றி. முதலாளிக்கும் அதே அட்டை, அவருடைய தறியில் நிற்கிறவருக்கும் அதே அட்டை. இருவரையும் ஒரே மூச்சில் ஆமென் சொல்ல வைக்கிற ஆற்றல் உன்னைத் தவிர யாருக்கு உண்டு?

எதை எடுப்பது, எதை விடுவது என்று அறிந்த உன் தேர்ச்சியும் பெரிது. உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் 68 வசனங்கள் இருக்கின்றன. முதல் 14 ஆசீர்வாதம். கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால்தான் இவை வந்து பலிக்கும் என்ற நிபந்தனை அவற்றின் வாசலிலேயே நிற்கிறது. 15 முதல் 68 வரை, செவிகொடுக்காத ஜனத்துக்கு நேரப்போகிற கேடுகள். நீ அந்த 54 வசனங்களின் பாரத்தையும் எங்கள் தோளிலிருந்து இறக்கிவிட்டாய். வாசலில் நின்ற நிபந்தனையையும் விலக்கிவிட்டாய். கடன் வாங்குகிற நிலை நீங்கிக் கடன் கொடுக்கிற நிலைக்கு உயர்வாய் என்கிற ஒரு துண்டை மட்டும் அழகாக வெட்டி எடுத்து எங்களுக்கு ஊட்டினாய்.

உன் மன உறுதியைக் காட்ட ஒரு சான்று போதும். 2025 ஜூலையில், பள்ளிப்பாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் தாங்காமல் தங்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. இடைத்தரகர்கள் ஆசைகாட்டி அழைத்துப்போனார்கள். அரசு விசாரணை நடந்தது. முன்பணம் வாங்கித் தறிக்குக் கட்டுப்பட்டவர்களும், வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கிற வீடுகளும் அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அந்த வாரமும் நீ வந்தாய். கடன் கொடுக்கிறவனாய் இருப்பாய் என்று சொல்ல உன் நா கூசவில்லை, உன் தங்க எழுத்தும் மங்கவில்லை. கூலியைப் பிடித்துவைத்த செல்வர்களைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியதை அந்த வாரத்திலும் நீ வெளியே எடுக்கவில்லை. சிறுநீரகத்தை விற்றவர்கள் எந்த மதத்தார் என்று எனக்குத் தெரியாது. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் நல்ல சமாரியனும் அதைக் கேட்கவில்லை.

பிள்ளைகளிடம் நீ காட்டுகிற பரிவையும் மறக்கலாகாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மார்ச் மாதத்துப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பேனாக்களை வாங்கி ஜெபித்துக் கொடுக்கிறோம். நீயும் முதலிடத்தையும் மேன்மையையும் வாக்களித்து உடன் வருகிறாய். முடிவு வந்த பிறகு, மதிப்பெண் குறைந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையை நீ தொந்தரவு செய்வதில்லை. அவளுக்கென்று சொல்ல உன்னிடம் ஒரு வசனமும் இல்லாததால் மௌனம் காக்கிறாய்.

ஆனாலும் உன் கைவண்ணத்தில் சிகரம் எரேமியா 29தான். எங்கள் வீடுகளின் சுவர்களில் மாட்டியிருக்கிற, குழந்தை பிறந்தால், கடை திறந்தால், வேலை கிடைத்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்புகிற அந்த 11ஆம் வசனம். நல்ல எதிர்காலம் தருகிற நினைவுகளையே ஆண்டவர் எங்களைக் குறித்து வைத்திருக்கிறார் என்ற ஆறுதல். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று வேறு சிலர் அந்த மக்களுக்கு இனிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. 70 ஆண்டுகள் ஆகும் என்று 10ஆம் வசனத்தில் எழுதினான். கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் தங்கள் ஊரை மறுபடி பார்க்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். அப்படியானால் அதுவரை செய்யவேண்டியது என்ன? 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் பதில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைவைத்த அந்த ஊரின் நலனைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், அந்த ஊர் நன்றாயிருந்தால் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்கிறது கடிதம்.

எங்கள் வாழ்க்கைக்கு நோக்கம் எது என்று ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டமாகக் கேட்டுத் திரிகிற எங்களுக்கு, அதற்கான விடை 11ஆம் வசனத்துக்குச் சில வசனங்கள் முன்னாலேயே இருந்தது. செங்கலும் சுண்ணாம்பும், அவரைப்பந்தலும், அக்கம்பக்கத்தாரின் நலமும்தான் அந்த விடை. நீ அதை மறைத்து எங்களைக் காப்பாற்றினாய். அதைப் படித்திருந்தால், நாமக்கல் கோழிப்பண்ணைக் கொட்டகை ஓரத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கிறவர்களைப் பார்த்து, அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று எங்களுக்குப் புரிந்து தொலைத்திருக்கும்.

உன் முன்னோர் உன்னளவு நாகரிகம் அறியாதவர்கள். ஜெர்மனியின் சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில், 1728 மே மாதம் சின்சென்டார்ஃப் பிரபு தம் சபையாருக்கு மறுநாளைக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். தினம் ஒரு வசனம் என்ற வழக்கம் அங்கே அப்படித்தான் தொடங்கியது. 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி இன்றுவரை பல மொழிகளில் வருகிறது. ஆனால் அச்சாவதற்கு முன் அந்த வசனம் காலால் நடந்தது. ஒரு சகோதரர் அதை வீடு வீடாகக் கொண்டுபோவார். கதவைத் தட்டுவார், வசனத்தைச் சொல்வார். உள்ளே யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு மனம் சரியில்லை என்று விசாரித்து அறிந்துகொண்டு வருவார். நீயோ எந்தக் கதவையும் தட்டுவதில்லை. கொண்டுபோகிறவரின் கட்டைவிரலுக்கு மேல் வேறு எந்த உறுப்புக்கும் நீ வேலை வைப்பதில்லை.

உன்னோடு சேர்த்துப் பார்க்கத் தகாத இருவரின் குறைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டட வேலை கற்ற ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராக 1907-இல் இந்தியா வந்தார். முதலில் சேந்தமங்கலத்தில் இருந்தார். 1913-இல் எவலின் என்ற லண்டன் பெண்ணை மணந்துகொண்டு கொல்லிமலைக்கு ஏறினார். மனைவி வசதியான வீட்டில் வளர்ந்தவர், ஓவியம் தீட்டப் பழகியவர். இருவரும் மலைமேல் வாழவந்தியில் குடியேறினார்கள். உயர்வும் பெருக்கமும் என்று நீ அளக்கிற அளவால் அளந்தால், அவர்களுடையது சரியான நஷ்டக் கணக்கு. முதல் சில ஆண்டுகளில் சபை என்று சொல்லிக்கொள்ள மலையில் ஒன்றும் உருவாகவில்லை. அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலையும் விவசாயமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. அந்தப் புழு உள்ளவர் தண்ணீருக்குள் கால் வைத்தால் அதன் குஞ்சுகள் நீரில் பரவும். அந்த நீரைக் குடிக்கிற அடுத்தவர் உடம்பில் புழு வளரும். ஜெஸ்ஸி புழுவைப் பொறுமையாக வெளியே எடுத்ததோடு நிற்கவில்லை, யாரும் நீருக்குள் இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராக மன்றாடினார். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்றளித்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் ஒருவர் கிணற்றுச் சுவருக்காக மன்றாடியதை எந்த அட்டையும் சொல்லாது.

முதல் உலகப்போர் முடிகிற வேளையில் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியது. கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, நோயாளிகளின் குடிசைகளுக்குப் போய் ஊட்டினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த மலைக்கோயில் பூசாரி, சாகும் தறுவாயில் தம் பெண்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மலை மக்களின் மனம் அங்கேதான் திறந்தது. அந்தக் கஞ்சிக்குத் தங்க எழுத்து கிடையாது. 1929-இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சல் முற்றி 44 வயதில் இறந்தார். நீண்ட ஆயுளை வாக்களிக்கிற உன் அட்டைகளில் அவருக்கு இடமே இல்லை.

மனைவி அவரிலும் கணக்குத் தெரியாதவர். மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது வயது 68. அந்த வயதில் மறுபடி மலை ஏறினார். கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன், பச்சைமலை என்று மலை மலையாகச் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தும், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார், மட்டக்குதிரையில் போனார். கடைசிக் காலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, மலைமேல் கணவருக்கு அருகில் அடக்கமானார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் மருத்துவம் படிக்குமுன் தச்சும் கொத்து வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தினார். அந்தக் கைகளுக்குத் தச்சுவேலையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இப்படிப்பட்ட புகழுரைக்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பழைய சேலம் ஜில்லாவுக்குள் இருந்த தகடூரின் அதியமானுக்காகத் தூது போன ஔவை, அவனோடு பகைகொண்ட தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்தாள். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலில் வைத்த அவனுடைய வேல்களைப் புகழ்ந்தாள். தன் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். காலை வாக்குத்தத்தமே, உன் மெருகு இன்றுவரை குலையவில்லை. பிராண்ட் குடும்பத்தாரிடம் இருந்த வசனமோ கிணற்றுச் சுவரிலும் கஞ்சிச் சட்டியிலும் மருந்துப் பெட்டியிலும் கிடந்து தேய்ந்துபோனது.

சகோதரரே, சகோதரியே, நாளைக் காலையும் வாக்குத்தத்தம் வரும். அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். உங்கள் தறியிலோ பண்ணையிலோ யாருக்காவது கூலி பாக்கி இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொட்டகையில் காய்ச்சலோடு படுத்திருக்கிற வெளிமாநிலத்துப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மதிப்பெண் குறைந்த பெண்ணின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்கள். வாரத் தவணையில் சிக்கிய குடும்பத்தை மீட்க உங்கள் சபையின் பணப்பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இருக்கிற ஊரின் நலத்துக்காக உழைப்பதுதான் ஆண்டவர் அந்தக் கடிதத்தில் நமக்குக் கொடுத்த நோக்கம். 11ஆம் வசனத்தின் ஆறுதல் அந்த உழைப்பில் நிற்கிறவர்களுக்கு எழுதப்பட்டது.