இருபதாம் தேதிக்கு மேல்

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் வாரச் சாப்பாடு சுமார்தான். சம்பளம் வந்த தெம்பில் காலிஃபிளவர், பனீர், பாக்கெட் மசாலா என்று நானே போய் அள்ளிக்கொண்டு வருவேன். அம்மா அதையெல்லாம் வேண்டாவெறுப்பாகக் கிளறி இறக்கி வைப்பாள். இருபதாம் தேதி தாண்டி, அஞ்சறைப் பெட்டியில் சீரகம் அடியைத் தொட்ட பிறகுதான் அவளுடைய கைமணம் வெளியே வரும். டிவியில் சிக்கனச் சமையல் சொல்கிறவர்கள் 'முந்திரி பத்து' என்று ஆரம்பிப்பார்கள். அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

அஸ்திவாரம் ரேஷன் கடைதான். 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு வந்திறங்கிய சேதி எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்காவின் குரலில்தான் முதலில் வரும், செல்போனெல்லாம் அதற்கப்புறம். ஒரு சமயம் துவரைக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு போட்டார்கள். "உன்னையத்தான் கனடாவுக்கு அனுப்ப முடியல. கனடாவாச்சும் நம்ம வீட்டுக்கு வந்துச்சே" என்றாள் அம்மா. அதைச் சாம்பாரில் போட அவளுக்கு மனசு வரவில்லை. ஊறவைத்து, வரமிளகாயும் சோம்பும் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்து, உருண்டை பிடித்துப் புளிக்குழம்பில் விட்டாள். அன்று நான் சாப்பிட்ட கணக்கைப் பார்த்தவள், அடுத்த மாதம் உருண்டைகளை எண்ணி வைத்தாள்.

ரேஷன் புழுங்கலரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். இதுதான் எங்கள் வீட்டு இட்லி. உளுந்து விலை ஏறும் மாதங்களில் வெந்தயம் கொஞ்சம் பொறுப்பெடுத்துக்கொள்ளும். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கு மறுநாள் ஊத்தப்பம். நாலாம் நாள் புளிப்பு தாங்காது என்று நீங்கள் நினைக்கும்போது வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்ந்து குழிப்பணியாரம் ஆகிவிடும். அந்த மாவு கீழே கொட்டப்பட்டதாக எங்கள் வீட்டில் சரித்திரமே கிடையாது.

காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த மாதம், அந்தப் பெரிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. காலை ஆறு மணிக்கே போய் விலைப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கடையாகப் போட்டோவைக் காட்டி விலை கேட்டேன். பலகையில் இருந்த விலையையே எல்லோரும் சொன்னார்கள். பையில் இடம் மிச்சம், பர்ஸில் காசு மிச்சமில்லை.

அம்மா பேரம் பேசவே மாட்டாள். சந்தை கலையும் நேரத்துக்குப் போய் கீரைக்காரர் முன்னால் குத்தவைத்து, "ஊருல மழை தண்ணி உண்டாப்பா?" என்பாள். அவர் கண்மாய், வரப்பு, மகள் பிரசவம் என்று முடிப்பதற்குள் பைக்குள் கருவேப்பிலை ஒரு கொத்து, மல்லித்தழை ஒரு பிடி, அரைக்கீரை அரைக்கட்டு கொசுறாக இறங்கியிருக்கும். நானும் மறுநாள் அதே நேரம், அதே இடத்தில் குத்தவைத்து, "ஊருல மழையாண்ணே?" என்றேன்.

"ஏன், குடை விக்கிறீகளா?" என்றார்.

இந்த லட்சணத்தில்தான் போன மாதம் இருபத்தேழாம் தேதி, முன்னறிவிப்பில்லாமல், தேனியிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இலை போட்டுச் சாப்பிட்டுப் பழகிய மனுஷன். நான் அடுப்படிக்குள் ஓடி, "கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வரவா?" என்று கிசுகிசுத்தேன். "எதை வச்சு?" என்று கேட்டுவிட்டு அம்மா பீர்க்கங்காயைக் கையில் எடுத்தாள். இருந்தது இரண்டே காய்.

தோலைச் சீவினாள். காயைத் தொடவே இல்லை, ஈரத்துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள். சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய், உளுந்து, வரமிளகாய். அது சிவந்ததும் தோலைப் போட்டுச் சுருளச் சுருள வதக்கினாள். நெல்லிக்காய் அளவு புளி, கல் உப்பு. அம்மியில் வைத்துக் கொரகொரப்பாக நாலே இழுப்பு. பிறகு ஒரு ரசம், தணலில் வாட்டிய அப்பளம். அவ்வளவுதான் விருந்து.

மாமா முதல் உருண்டையை வாயில் போட்டார். கண்ணை மூடினார். சோற்றைத் துவையலோடு இன்னொரு முறை பிசைந்தார். மூன்றாம் தடவை சோறு கேட்டபோது நான் அரிசிப் பானை இருந்த திசையைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"என்ன துவையல்க்கா இது?"

"பீர்க்கந்தோலு."

"தோலே இந்த ருசின்னா..." மாமா வெறும் இலையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "காய் எங்கக்கா?"

"காய் நாளைக்கு" என்றாள் அம்மா, வாய் தவறி.

மாமா ஏப்பம் விட்டபடி என் பக்கம் திரும்பினார். "மாப்ள, சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுன்னு சொன்னேன்ல? அது வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்."